எண்பது டிகிரி பிச்சுமணி

மிருகக்காட்சி சாலையில் ஒவ்வொரு கூண்டுக்கும் ஒரு பலகை உண்டு. என்ன இனம், எங்கே வாழும், என்ன தின்னும் என்று எழுதியிருப்பார்கள். மனிதர்களுக்கும் அப்படி மாட்டிவிட்டால் எவ்வளவு சௌகரியம்! 'தேயிலை ஞானி. பென்ஷனில் வாழும். பாலும் சர்க்கரையும் கண்டால் சீறும். கையில் நாற்பது நிமிஷம் இல்லாதவர்கள் அருகில் போக வேண்டாம்.' பலகை இல்லாததால்தானே மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் பிச்சுமணி வீட்டுக்குள் காலை வைத்தேன்.

உங்கள் தெருவிலும் ஒன்று இருக்கும், தேடிப் பாருங்கள். எங்களுடையது ஸ்ரீவராகத்தில், கோயில் குளத்துக்குப் போகிற வழியில். பிச்சுமணி ஆபீஸில் இருந்த காலமெல்லாம் கான்டீன்காரன் கொண்டு வைத்த ஆறின டீயை ஏடு தள்ளிக் குடித்தவர்தான். ரிட்டயரானார். கல்யாணமாகி சிலிகுரிக்குப் போன மகள் மாளவிகா, அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று ஒரு பொட்டலம் டார்ஜிலிங் இலை அனுப்பினாள். அவருக்குப் பொழுது போயிற்று. எங்களுக்குத்தான் போகவில்லை.

நீங்கள் போய் உட்கார்ந்ததும் டப்பாவைத் திறந்து மூக்குக்கு நேரே நீட்டுவார், முகர்ந்து 'ஆஹா' சொல்ல வேண்டும், உடனே இது மார்ச்சில் கிள்ளின முதல் கொழுந்து, பூ வாசனை, அது மே மாதத்து இலை, திராட்சை வாசனை, அஸ்ஸாம் என்றால் கனம், நீலகிரியில் பனி விழுகிற மாதத்து இலைக்கு ஒரு தனி இனிப்பு, இதோ இது நம்ம வித்துராவுக்கு மேலே மலையில் ஒருத்தர் யூரியா தொடாமல், பூச்சிமருந்து அடிக்காமல், சாணிக் கரைசல் விட்டு வளர்ப்பது, அவர் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன், சொன்னால் எல்லோரும் பஸ் ஏறிவிடுவீர்கள் என்று அவர் முடிப்பதற்குள் அடுப்பில் தண்ணீர் கொதித்திருக்கும். கொதித்தால் ஆயிற்றா? ஆகாது. கொதித்த தண்ணீர் செத்த தண்ணீராம். கொட்டிவிட்டு மறுபடி வைப்பார்.

எண்பது டிகிரி. அதற்கென்று ஒரு தெர்மாமீட்டர். மாளவிகாவுக்கு டைபாய்டு வந்தபோதுகூட இந்த மனுஷர் இத்தனை தடவை பார்த்ததில்லை என்பாள் அவர் மனைவி அனந்தலக்ஷ்மி மாமி. பிறகு மூன்று நிமிஷம் இலை ஊற வேண்டும். அப்போது யாரும் பேசக்கூடாது, அவரைத் தவிர. கடைசியில் ஒரு குட்டிக் கண்ணாடிக் கிண்ணத்தில் வரும். என்ன வரும்? வைக்கோல் அலசின தண்ணீர். அதைக் குடித்துவிட்டு, தொண்டைக்குப் பின்னால் ஒரு பழ வாசனை வருகிறது என்று நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் என்ன பழம் என்று கேட்பார். நான் ஒரு தடவை பலாப்பழம் என்று சொல்லிவிட்டு ஒரு மாதம் அந்த வழியே நடக்கவில்லை.

இவ்வளவு கேலி செய்கிறேன், ஆனால் அவருக்கு ஒரே ஒரு ஏக்கம் உண்டு. அது தெருவுக்கே தெரியும். மூன்று வருஷத்தில் ஒரு பிராணிகூட அவரிடம் இன்னும் கொஞ்சம் என்று கேட்டதில்லை. நாம் கிண்ணத்தைக் கீழே வைத்ததும் கெட்டிலைப் பிடித்துக்கொண்டு நம் முகத்தையே பார்ப்பார். நாம் செருப்பைத் தேடுவோம். மாமியோ சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பில்டர் காபி குடிப்பாள். எனக்கே பாவமாக இருக்கும்.

இப்படிப்பட்டவர் கையில் இந்த வருஷம் ஆற்றுகால் அம்மன் கோயில் பொங்காலை அன்று தெரு டீயை ஒப்படைத்த மகானுபாவன் யார்? நான்தான். தெருச் சங்கத்தின் செயலாளன். எட்டு நாள் என்னைக் கூப்பிட்டு உட்கார்த்தி வைத்துக் கேட்டார். எட்டுக் கிண்ணம் குடித்தேன். ஒன்பதாவதற்குப் பயந்து சரி என்றேன்.

அன்றைக்கு ஊர் முழுக்கப் பெண்கள் ரோட்டோரத்தில் செங்கல் கூட்டிப் பானை வைத்துப் பொங்கல் இடுவார்கள். எங்கள் தெருவில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அடுப்புதான். விடியுமுன்னே வந்து வெயிலில் காத்துக் கிடக்கிறவர்களுக்கு, கிழக்கேகோட்டை டீக்கடை சுவாமிதாஸ் வருஷா வருஷம் எங்கள் தெருவில் நின்று பாலும் சர்க்கரையுமாக ஆற்றித் தருவார். இந்தத் தடவை அவரை அடுத்த தெரு கொத்திக்கொண்டு போயிற்று.

பிச்சுமணி வேஷ்டியை மடித்துக் கட்டி, அண்டாவில் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு, துணியில் இலையை முடிந்து போட்டு, ஆறு மணிக்கே தயார். நானும் சும்மா நிற்கவில்லை. சங்கச் செய்திமடலை விநியோகித்துக்கொண்டிருந்தேன். அதில் குப்பை பிரிப்பதைப் பற்றி மூன்று பக்கத் தலையங்கம், அடியேன் எழுதியது. பெண்கள் வந்தார்கள், ஒரு வாய் குடித்தார்கள், மரியாதையாகச் சிரித்தார்கள், அடுத்த தெருவுக்கு நடந்தார்கள். பத்தரை மணிக்கு அண்டா முக்கால் நிறைய அப்படியே இருந்தது. அவர் முகம் சுண்டிப் போயிற்று.

அப்போதுதான் பாறசாலையிலிருந்து வந்த உலகம்மாள் என்ற அம்மாள் செம்பை நீட்டினாள். நிறைத்தார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க சாரே."

பிச்சுமணி கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். கண் நிறைந்துவிட்டது, சத்தியமாக. ரெண்டாவது ஊறலில்தான் வாசனை முழுசா இறங்கியிருக்கு அம்மா என்று தழுதழுத்தார். அவள் தலையை ஆட்டினாள். போகிற போக்கில் என்னிடமும் செய்திமடல் இன்னும் இரண்டு கேட்டு வாங்கினாள். மூன்றாம் தடவை குடத்தோடு வந்தாள்.

எனக்கு எதுவோ உறுத்தியது. பின்னாலேயே போனேன். அவள் நேரே தன் அடுப்புக்குப் போய்க் குடத்தைப் பொங்கல் பானைக்குள் கவிழ்த்தாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? நம்ம மலையாள ஊரில் வெந்நீருக்கே நிறம் உண்டல்லவா? ஹோட்டலில் பதிமுகப் பட்டை போட்டுச் சிவப்பு, வீட்டில் சீரகம் போட்டு மஞ்சள். பொங்கி முடிகிற வரைக்கும் அவளுக்கு விரதம், வாயில் ஒன்றும் படாது, அதனால் ருசியும் பார்க்கவில்லை.

"எல்லாத் தெருவுலயும் சாயாதான் குடுக்காங்க சாரே. வெந்நி குடுக்கணும்னு ஒரு புண்ணியவானுக்குத் தோணிச்சே" என்றாள். "பானை சட்டுனு பொங்கிரும்."

திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் பிச்சுமணி குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்துக்கொண்டு, குடித்தாளா என்று கையால் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம், பொய்தான். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

மத்தியானம் நைவேத்யம் முடிந்து உலகம்மாள் இலைக் கீற்றில் பொங்கலோடு வந்தாள். முகர்ந்தே மலையைச் சொல்கிறவர், கண்ணை மூடி ஒரு வாய் போட்டார். ஏலக்காய் தூக்கல், தேங்காய் முற்றல், வெல்லம் மறையூர் வெல்லம் என்று வரிசையாகச் சொன்னார். வேறே ஏதாவது வாசனை தெரிகிறதா என்றேன். இன்னொரு வாய் போட்டார்.

"வேற ஒண்ணும் இல்லை ஓய். இருந்தா எனக்குத் தெரியாம போகுமா?" பிறகு இலையை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் வைங்கோ அம்மா."

இப்போது அவர் இரண்டாவது தெர்மாமீட்டர் வாங்கியிருக்கிறார். போகிறவர்களுக்கெல்லாம் உலகம்மாள் கதை நடக்கிறது, குடம் அண்டாவாகிவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கவும் மாட்டேன். ஏனென்றால் அன்றைக்கு அந்த அடுப்பில் நான் பார்த்தது பானையை மட்டும் அல்ல. காய்ந்த தென்னம்பாளைக் கொதும்புக்கு அடியில் என் தலையங்கம் மூன்று பிரதியும் நன்றாகப் பற்றி எரிந்துகொண்டிருந்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடமும் ஏதாவது ஒன்று இருக்கும்: பாட்டோ, ஊறுகாயோ, வாட்ஸாப்பில் அனுப்புகிற காலை வணக்கமோ. அதை என்றைக்காவது யாராவது இன்னும் கொஞ்சம் என்று கேட்டிருப்பார்கள், நீங்களும் அந்த ஒரு சொல்லை இன்றுவரை பத்திரமாக வைத்திருப்பீர்கள். வைத்துக்கொள்ளுங்கள். பின்னாலேயே போய்ப் பார்க்க மட்டும் வேண்டாம்.