ஒன்பது கோடையும் ஒரு டொக்கும்

உலகத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், வண்டி விற்கிறவர்கள் இருக்கிறார்கள், வண்டியில் அடிபடுகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் யாரோடும் ஒட்டாத இன்னோர் இனம் எங்கள் கலிபோர்னியாப் பக்கம், எண்ணெய்க் கிணறுகளுக்கும் பாதாம் தோப்புகளுக்கும் நடுவே, நன்றாகச் செழித்து வளர்கிறது. அதுதான் வண்டியை முடித்துக்கொண்டே இருக்கிற மனிதர்.

எப்படி அடையாளம் காண்பது என்கிறீர்களா? சுலபம். சனிக்கிழமை காலையில் எந்த வீட்டு ஷெட்டின் கதவு பாதி மட்டும் தூக்கியிருக்கிறதோ, அதற்குக் கீழே இரண்டு பூட்ஸ் கால்கள் மட்டும் மல்லாக்கத் தெரிகின்றனவோ, அங்கே குனிந்து, "வண்டி எப்போ ஓடும்?" என்று கேளுங்கள். "கிட்டத்தட்ட முடிஞ்சாச்சு. ஒரே ஒரு சின்ன வேலை பாக்கி. அடுத்த கோடைக்கு ரோட்டுல பாருங்க" என்று பூட்ஸ் பதில் சொன்னால், ஆள் அவர்தான். கவனியுங்கள், இந்தக் கோடை என்று சொல்லவே மாட்டார். நடுக்கோடையில் வேர்த்து வழிய நின்றாலும் அவருக்கு எப்போதும் அடுத்த கோடைதான்.

எங்கள் சபையின் ராய்ஸ் டாக்கெட் இந்த இனத்துக்கே தலைமகன். ஆண்டவர் ஆறு நாளில் உலகத்தைச் செய்து முடித்து, பார்த்து, திருப்திப்பட்டு, ஏழாம் நாள் உட்கார்ந்துவிட்டார். ராய்ஸும் பார்ப்பார். திருப்தி மட்டும் வராது. உடனே ஸ்பானரை எடுத்துவிடுவார்.

அவர் கட்டிக்கொண்டிருந்தது ஹாட் ராட். பழைய காரை எடுத்து, கூரையைப் பிடுங்கி, மட்கார்டுகளைக் கழற்றி எறிந்து, எடையைக் குறைத்து, எஞ்சினை மட்டும் முரட்டுத்தனமாக ஏற்றி, காய்ந்துபோன ஏரிப் படுகையில் கண் மண் தெரியாமல் ஓட்டுவதற்கென்று செய்கிற வண்டி. அவருடைய தாத்தா கிளீட்டஸிடம் அப்படி ஒன்று இருந்தது. முப்பத்திரண்டாம் வருஷத்து ஃபோர்டு ரோட்ஸ்டர். இப்போது மிஞ்சியிருப்பது நாற்பத்தொன்றில் எடுத்த ஒரே ஒரு போட்டோ. தாத்தா தொப்பியோடு சிரிக்கிறார், பக்கத்தில் வண்டி, வண்டியின் இடது கதவில் கைப்பிடிக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டொக்கு, தகரம் உள்ளே அமுங்கின பள்ளம். ஏரிப் படுகையில் தாத்தா காற்றாய்ப் பறந்தபோது கல் தெறித்து விழுந்த டொக்கு என்பது குடும்ப வரலாறு. அந்த வரலாற்றை ராய்ஸ் ஒரு பித்தளைத் தகட்டில் எழுத்து வெட்டி வாங்கி வைத்திருந்தார். வண்டி முடிவதற்கு முன்னாலேயே தகடு முடிந்துவிட்டது.

அந்தப் போட்டோவில் இருப்பது போலவே ஒரு வண்டி, ஒரு மயிரிழை பிசகாமல். இதுதான் ராய்ஸின் சபதம். கறுப்புப் பெயிண்ட் அடித்தார். புதிதாகத் தெரிகிறதே என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். ரொம்பத் தேய்ந்துவிட்டதே என்று மறுபடி பெயிண்ட் அடித்தார். வண்டியில் இருநூற்றுச் சொச்சம் ஸ்க்ரூ. ஒவ்வொன்றின் தலையிலும் உள்ள கோடு நேர்மேலும் கீழுமாக நிற்கவேண்டும். ஒன்று கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. டொக்கு விஷயம் தனிக் கதை. நல்ல கதவாகத் தேடி வாங்கி வந்து, மணல் மூட்டை மேல் சாய்த்து, சுத்தியலால் ஒரு போடு போடுவார். பூதக்கண்ணாடியில் போட்டோவைப் பார்ப்பார். "வட்டமா வந்துடுச்சு" என்று தட்டி நிமிர்த்துவார். மறுபடி ஒரு போடு. இரண்டு கோடை இதிலேயே போயிற்று.

சிநேகிதர் டுவெய்ன் வெல்டிங் வைக்க வந்தவர் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார். "ஏன்டா, ஒரு டொக்குக்கு மூணு கதவா? என் பிக்கப்பை மளிகைக் கடை வாசல்ல நிறுத்தினா அரை மணியில நாலு டொக்கு விழுது. அங்க கொண்டுபோய் நிறுத்தேன்!"

"அது இந்தக் காலத்து டொக்குடா" என்றார் ராய்ஸ், மிகுந்த வருத்தத்தோடு.

இதையெல்லாம் சமையல் அறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது அவர் மனைவி நெல்டா. நெல்டாவுக்கு வண்டி மேல் பொறாமை கிடையாது. வீட்டுக்காரர் குடிக்கிறதில்லை, சீட்டாடுகிறதில்லை, ஷெட்டில்தான் கிடக்கிறார், கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று இருந்தாள். அவளை அரித்ததெல்லாம் எதிர்வீட்டில் தனியாக இருக்கிற மாமியார் ஆர்டித்தைப் பற்றிய கவலைதான்.

ஆர்டித், கிளீட்டஸின் ஒரே மகள். எண்பத்தொன்பது வயது. கண்ணில் நடுப்பக்கம் மங்கிக்கொண்டே வருகிறது, ஓரத்தால்தான் பார்க்கிறாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. சபையின் ஜூன் மாதப் பிக்னிக்குக்கு அப்பா வண்டியில் ஒரு தடவை போகவேண்டும், அதுவும் கண் தெரியும்போதே. "அடுத்த கோடைக்குக் கட்டாயம்மா" என்று மகன் ஒன்பது தடவை சொல்லியாயிற்று. அறுபத்துநாலு வயதுக்காரர் சொல்கிற அடுத்த கோடையும் எண்பத்தொன்பது வயதுக்காரி கேட்கிற அடுத்த கோடையும் ஒன்றா? நெல்டாவுக்கு அது புரிந்தது. பூட்ஸுக்குப் புரியவில்லை. அதோடு, முடிந்த பிறகுதான் அம்மா பார்க்கவேண்டும் என்று அவளை ஷெட்டுக்குள்ளேயே விட்டதில்லை. நல்ல மனசுதான். இந்த இனத்தாருக்கு நல்ல மனசுக்கு ஒரு நாளும் குறைவில்லை.

இந்த வருஷம் ஓர் அதிசயம் நடந்தது. பிக்னிக்குக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை, வண்டி முடிந்துவிட்டது. எஞ்சின் பிடித்தது. பிரேக் பிடித்தது. ஸ்க்ரூக் கோடுகள் எல்லாம் பட்டாளம் மாதிரி நேராக நின்றன. நெல்டா ஓடிப்போய் மாமியாரிடம் சொன்னாள். ஆர்டித் உடனே நீலப் பூப்போட்ட உடுப்பை எடுத்து இஸ்திரி போடச் சொன்னாள்.

சனிக்கிழமை காலை மாமியாரைக் கூட்டிக்கொண்டு நெல்டா ஷெட் வாசலுக்கு வந்தாள். சக்கரம் வைத்த வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்த ஆர்டித் தொப்பி வைத்திருந்தாள், உதட்டுக்குச் சாயம் பூசியிருந்தாள், வாக்கரின் இருக்கையில் பிக்னிக்குக்காகச் சுட்ட சோள ரொட்டி, சுட்ட இரும்புச் சட்டியோடவே, துணி போட்டு மூடி.

ஷெட் கதவு பாதி தூக்கியிருந்தது. கீழே இரண்டு பூட்ஸ்.

"ஏங்க!" என்றாள் நெல்டா.

ராய்ஸ் ஊர்ந்து வெளியே வந்து கதவை முழுக்கத் தூக்கினார். கையில் பூதக்கண்ணாடி. முகத்தில் துக்க வீட்டுக் களை. "டொக்கோட கீழ்ப்பக்கம் ஒரு கூர் இருக்கு நெல்டா. போட்டோவுல தெரியுது. நான் கவனிக்காம விட்டுட்டேன். கதவைக் கழட்டணும். ஒரே ஒரு சின்ன வேலைதான். அடுத்த கோ…"

"அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க!"

ஆர்டித் வாக்கரைத் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே போனாள். தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, கண்ணின் ஓரத்தால் வண்டியை மெதுவாகப் பார்த்தாள். பிறகு இடது கதவைத் தடவினாள். விரல் டொக்கில் நின்றது.

"இது இல்லைடா" என்றாள்.

"தெரியும்மா! அதான் சொல்றேன், கல்லு பட்டா கீழ கூர் விழணுமே…"

"எந்தக் கல்லு? கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. நான் அடிச்சது."

ராய்ஸ் பூதக்கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

"எனக்கு ஆறு வயசு. வண்டில கூட்டிட்டுப் போங்கப்பான்னா, அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறும்பார். ஒரு ஞாயித்துக்கிழமை நல்ல கவுன் போட்டுக்கிட்டு வாசல்ல உக்காந்திருந்தேன். காலையில உக்காந்தவ, வெயில் சாயுற வரைக்கும். அவர் வண்டிக்கு அடியில கிடந்தார். காலு மட்டும் தெரிஞ்சுது. அடுப்படிக்குப் போனேன், அம்மா சட்டியை ரெண்டு கையாலயும் தூக்கிட்டு வந்து ஒரே போடு. என்ன சத்தம்னு கேட்டார். கல்லு தெறிச்சிருக்கும்னேன். அவருக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அதையே ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சார். எண்பத்து மூணு வருஷமா ஆண்டவர்கிட்ட மட்டும்தான் இதைச் சொல்லியிருக்கேன்."

"நீங்க அந்த வண்டில போனதே இல்லையா அத்தை?" என்றாள் நெல்டா.

"ஒரு தடவைகூட இல்லம்மா. யுத்தத்துக்குப் போறப்ப வித்துட்டுப் போயிட்டார். அவர் திரும்பி வந்தார். வண்டி வரலை."

நெல்டா முந்தானை இல்லாத குறைக்குச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராய்ஸும் கண் கலங்கித்தான் நின்றார். ஆனால் அவர் கேட்டது என்ன தெரியுமா?

"சட்டியோட அடியால அடிச்சியா, விளிம்பாலயாம்மா?"

ஆர்டித் அவரை ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தாள். வாக்கரின் இருக்கையில் மூடியிருந்த துணியை எடுத்தாள். சட்டியைக் கவிழ்த்து, சோள ரொட்டியை முழுசாகத் துணியில் தட்டி, மருமகளிடம் நீட்டினாள். "பிடிச்சுக்கோ."

"அம்மா, இது…"

"அதே சட்டிதான்டா."

போட்டாள் ஒரு போடு! கூரையில் உட்கார்ந்திருந்த புறாக்கள் எல்லாம் தெருவைத் தாண்டிப் பறந்தன. எதிர்ச்சாரியில் நாய் குரைத்தது. ராய்ஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு, பழக்கம் விடுமா, மண்டிபோட்டுப் பூதக்கண்ணாடியை வைத்தார். போட்டோவைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"கூர் விழுந்திருக்கு" என்றார். "அச்சு அசல்! நெல்டா, இங்க வந்து பாரேன், அதே சட்டி, அதே கை! ஊர்ல எவன் வண்டியிலயும் இப்படி ஒரு டொக்கு கிடையாது!" இரண்டு கோடை, மூன்று கதவு, ஒரு மணல் மூட்டை. அம்மாவுக்கு ஒரு வினாடி.

சரி, முடிந்தது, இனி ஏறவேண்டியதுதானே என்கிறீர்கள். உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியவில்லை. அடித்த வேகத்தில் கீலில் ஒரு ஸ்க்ரூ அரைச் சுற்றுத் திரும்பி, அதன் கோடு சாய்ந்திருந்தது. ராய்ஸின் கண் அதில் விழுந்தது. கை தானாக ஸ்க்ரூ டிரைவரைத் தேடியது.

ஆர்டித் சட்டியை இறக்கவே இல்லை.

"ராய்ஸ்" என்றாள் அமைதியாக. "அந்தப் பக்கம் இன்னொரு கதவு இருக்கு."

போட்டோவில் தெரியாத அந்த வலது கதவு, கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. ராய்ஸ் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். அம்மாவைத் தூக்கி உட்காரவைத்தார். எஞ்சின் கர்ஜித்தது. இரண்டு பேர் உட்காரத்தான் இடம். நெல்டா சோள ரொட்டியோடு பின்னால் வீட்டுப் பிக்கப் வண்டியில் வந்தாள். பிக்னிக் நடந்த சபைக் கோவிலைச் சுற்றி மூன்று தடவை. இரண்டாவது சுற்றில் ஆர்டித்தின் தொப்பி பறந்து போதகரின் உருளைக்கிழங்கு சாலட்டில் விழுந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, கண்ணோரத்தால் உலகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே போனாள்.

அதோடு ராய்ஸ் திருந்திவிட்டார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பொய் சொல்லக்கூடாது. திங்கட்கிழமை நெல்டா குப்பை போட வெளியே வந்தபோது ஷெட் கதவு பாதி தூக்கியிருந்தது.

"என்னங்க பண்றீங்க?"

"அம்மா ஏறுறப்ப சீட்டு லேசா கிறீச்சுன்னுச்சு" என்றது பூட்ஸ். "ஒரே ஒரு சின்ன வேலை. அடுத்த…"

நெல்டா சட்டியை இரவல் கேட்கத் தெருவைக் கடந்து மாமியார் வீட்டுக்குப் போனாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் ஷெட்டில் வண்டி இருக்காது. ஆனால் "கிட்டத்தட்ட முடிஞ்சாச்சு" என்று நீங்கள் சொல்லிவைத்திருக்கிற ஏதோ ஒன்று இருக்குமே? அதற்காக வீட்டில் யாராவது நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களா என்று எதற்கும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். அப்படியே, அடுப்படியில் கனமான சட்டி ஏதாவது இடத்தை விட்டுக் காணாமல் போயிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.