எதிரெதிரே இரண்டு ஜன்னல்கள்

மதிப்பிற்குரிய தெசான்கா அத்தைக்கு, உங்கள் தம்பி ராதிசாவின் மகள் காலினா நிஷ் நகரிலிருந்து வணக்கத்துடன் எழுதுவது.

சனிக்கிழமை நான் சொல்லாமல் விட்டவற்றை முதலில் எழுதிவிடுகிறேன், நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். "அப்பா, காத்து இதுவரைக்கும் யாரையும் கொன்னதில்லை" என்று நான் சொல்லவில்லை. "எனக்கு இருபத்தெட்டு வயசாச்சு, எந்த ஜன்னலைத் திறக்கணும்னு எனக்குத் தெரியும்" என்றும் சொல்லவில்லை. "வாயில சிகரெட்டை வெச்சுக்கிட்டு காத்தைக் குறை சொல்லாதீங்க" என்பது நாக்கு நுனிவரை வந்தது, அதையும் விழுங்கிவிட்டேன். வெளியாள் முன்னால் அப்பாவை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்படி நின்றதன் பலன், எனக்குக் கிடைக்க இருந்த வாடகை வீடு இப்போது கை நழுவிப் போகப் பார்க்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் அப்பா சரி என்று சொல்ல வேண்டும். அவர் இந்த உலகத்தில் பயப்படுவது இரண்டுக்குத்தான். ஒன்று குறுக்குக் காற்று, இன்னொன்று நீங்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் இருவரும் நலம். நோவி சாதில் நீங்களும் மாமாவும் மாமாவின் முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நீங்கள் அனுப்பிய ப்ளம் ஜாம் வந்து சேர்ந்தது. ஒரு பாட்டில் காலியான பிறகுதான் அடுத்ததைத் திறக்க வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். ஜாமில்கூட இரண்டு மூடிகள் ஒரே சமயத்தில் திறந்திருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

அவரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நீங்கள் வருடத்துக்கு ஒருமுறைதான் பார்க்கிறீர்கள், நான் தினமும் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன். ஒரு ஜன்னல் வழியாக நுழைந்து எதிர் ஜன்னல் வழியாக வெளியே போகிற காற்றைப் போலக் கொடிய வஸ்து வேறில்லை என்று நம் ஊரில் எல்லாருமே நம்புகிறார்கள், அது சரி, ஆனால் மற்றவர்கள் நம்பிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போகிறார்கள். அப்பாவுக்கு அதுதான் வேலை. பெல்கிரேடு பஸ்ஸை அவர் ஓட்டிய காலத்தில் ஜூலை மாதக் கடும் வெயிலிலும் ஒரு பக்கத்து ஜன்னல்களை மட்டும்தான் திறக்க விடுவார். பயணிகள் கெஞ்சுவார்கள், திட்டுவார்கள், ஒருவர் பாதி வழியில் இறங்கியே போய்விட்டாராம். பெல்கிரேடில் இறங்கும்போது எல்லாரும் அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி போல இருப்பார்கள், ஆனால் என் பஸ்ஸில் வந்த ஒருத்தருக்கும் கழுத்துப் பிடித்துக்கொண்டதில்லை என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறார். ஈரத் தலையோடு நான் வராந்தாவுக்குப் போனால் பின்னாலேயே துண்டோடு வருவார். வெறுங்காலோடு தரையில் நடந்தால் செருப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, நான் போட்டுக்கொள்ளும் வரை அங்கேயே நிற்பார். பல் வலித்தால் காற்று, முதுகு பிடித்தால் காற்று. எதிர் வீட்டுக்காரர் மனைவியைப் பிரிந்தபோது, "படுக்கை அறையில ரெண்டு ஜன்னல். பின்ன என்ன ஆகும்?" என்றார். சாவித் துவாரத்தில் பஞ்சு அடைப்பதை அவர் உங்கள் வீட்டில்தான் கற்றுக்கொண்டார் என்பது எனக்குத் தெரியும், அத்தை. அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

அவருடைய பழக்கங்களைச் சொல்லிவிட்டு என் பழக்கங்களை மறைப்பது நியாயமில்லை. காலையில் காபி குடித்து முடிக்கும் வரை நான் யாரோடும் பேச மாட்டேன். எந்தப் புத்தகத்தையும் கடைசி அத்தியாயத்திலிருந்து தொடங்குவேன், முடிவு தெரிந்துவிட்டால்தான் மனிதர்களை நிதானமாகக் கவனிக்க முடிகிறது. இரவுச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடப் பிடிக்கும், தர்பூசணியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் இருந்தால் போதும். ஜன்னல் திறந்திருந்தால்தான் தூக்கம் வரும். ஒருவருடைய கிறுக்குத்தனத்துக்கு ஒரு வீடு போதும். எங்கள் வீட்டில் இரண்டு கிறுக்குத்தனங்கள் ஒரே குளியலறையைப் பயன்படுத்திக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் நூலகத்தில் சம்பளம் கூடியதும் வீடு தேடத் தொடங்கினேன். நதிக்கரையில், பழைய கட்டடத்தின் மாடியில், ரூஷிட்சா அம்மாள் என்ற விதவையின் வீட்டைப் பார்த்தேன். ஒரே பெரிய அறை. ஒரு ஜன்னல் நிஷாவா நதியைப் பார்க்கிறது, அதற்கு நேர் எதிர் ஜன்னல் முற்றத்தைச் சுற்றி ஓடும் பொது வராந்தாவைப் பார்க்கிறது. உள்ளே நுழைந்ததும் என் தலைமுடி நெற்றியிலிருந்து எழுந்தது. இங்கேதான் இருக்கப்போகிறேன் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

அப்பாவும் பார்க்க வேண்டும் என்றார். சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். ரூஷிட்சா அம்மாள் காபி போட்டுக்கொண்டு வந்து வைத்தார். அப்பா உட்காரவில்லை. நடு அறையில் நின்று, விரலை நாக்கில் தொட்டு மேலே தூக்கிப் பார்த்தார். பிறகு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். புகை கொஞ்சம்கூடத் தயங்காமல், டிக்கெட் வாங்கிய பயணி போல அறையைக் கடந்து வராந்தா ஜன்னல் வழியாக இறங்கிப் போயிற்று.

"பாத்தியாடா கண்ணு," என்றார் அப்பா. "இது வீடில்ல. சுரங்கப்பாதை."

ரூஷிட்சா அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன ஐயா இப்படிப் பேசறீங்க? என் வீட்டுக்காரர் கல்யாணம் ஆன நாள்லேருந்து இங்கதான் இருந்தார். தினமும் இந்த ஜன்னல்கிட்டதான் நாற்காலி போட்டு உக்காருவார்."

"இப்ப எங்க?"

"போய்ச் சேந்துட்டார்."

"என்ன வயசு?"

"எண்பத்தொம்பது."

அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அநியாயமாப் போயிருக்கார்," என்றார். "ஜன்னலை மூடி வெச்சிருந்தீங்கன்னா இன்னைக்கு நம்மளோட உக்காந்து காபி குடிச்சிருப்பார்."

அவர் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை அத்தை, மனப்பூர்வமாக வருத்தப்பட்டார். அதுதான் என்னைக் கவிழ்த்தது. ரூஷிட்சா அம்மாள் அந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த சால்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "கடைசிக் காலத்துல அவருக்கு முதுகு வலி இருந்தது வாஸ்தவந்தான்," என்றார்.

அதோடு நின்றிருந்தாலாவது சமாளித்திருப்பேன். இரண்டாவது காபியை அடுப்பில் வைத்துவிட்டு, விறகு வைக்கும் அறையைக் காட்டுகிறேன் என்று அவர் எங்களை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்பா கடைசியாக வெளியே வந்தார். இரண்டு ஜன்னல்களும் ஒரு கதவும் திறந்திருந்தால் காற்று எதைச் செய்யுமோ அதைச் செய்தது. கதவு அறைந்து மூடிக்கொண்ட சத்தத்தில் முற்றத்துப் புறாக்கள் எல்லாம் எழுந்து பறந்தன. சாவி உள்ளே மேசைமேல், காபி உள்ளே அடுப்பின்மேல், ரூஷிட்சா அம்மாள் வீட்டுச் செருப்போடு வெளியே. அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு நிற்பவரின் அமைதி அவர் முகத்தில் இருந்தது. நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வராந்தாப் பக்கத்து ஜன்னல் வழியாக ஏறிக் குதித்தேன். பாவாடை கொக்கியில் மாட்டிக் கிழிந்தது. காபி பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருந்தது. கதவை உள்ளேயிருந்து திறந்துவிட்டு, இதுதான் சமயம் என்று, "பாத்தீங்களாப்பா, ஜன்னல் திறந்திருந்ததாலதான் உள்ள வர முடிஞ்சது," என்றேன்.

"ஜன்னல் திறந்திருந்ததாலதாண்டா வெளிய நின்னோம்," என்றார்.

ரூஷிட்சா அம்மாள் எனக்கு ஊக்கு எடுத்துக் கொடுத்தார். கிழிசலை அவரே குத்திவிட்டார். குத்திக்கொண்டே தீர்ப்பையும் சொல்லிவிட்டார். "பொண்ணே, உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா உன் கழுத்துக்கு நான் பொறுப்பாக முடியாது. உங்கப்பா சரின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், வெள்ளிக்கிழமை சாவியைத் தரேன். இல்லன்னா ஒரு பல் டாக்டர் கேட்டுக்கிட்டிருக்கார்."

"அவர் ஜன்னலைத் திறக்க மாட்டாரா?"

"திறப்பார். அவர் பொண்டாட்டி மூடிடுவா."

அன்றிலிருந்து அப்பா ரொம்ப மரியாதையாக நடந்துகொள்கிறார். அதுதான் தாங்க முடியவில்லை. வேண்டாம் என்று அவர் சொல்வதில்லை. "நான் வேணாம்னு சொன்னேனா? யோசிக்கிறேன்," என்கிறார். யோசித்துக்கொண்டே முதுகில் காற்றுப் படாமல் கட்டிக்கொள்கிற ஒரு கம்பளி இடுப்புப்பட்டையை என் தலையணையில் மடித்து வைத்துவிட்டுப் போகிறார். நேற்று சூப்பில் மிளகுத்தூள் தூவும்போது தும்மினேன். எழுந்து போய் அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒரு சமயத்தில் ஒரு ஜன்னலைத்தான் திறப்பேன் என்று வாக்குக் கொடுத்துப் பார்த்தேன். "ஒண்ணைத் திறந்தவ இன்னொண்ணையும் திறப்பா," என்றார். அது உண்மைதான்.

படித்தவள் செய்வதைத்தான் நானும் செய்தேன், நூலகத்தில் மருத்துவப் பகுதி முழுவதையும் புரட்டினேன். காற்றோட்டத்தைப் புகழ்ந்து எழுதியிருந்த பக்கங்களைக் குறித்து வைத்துக்கொண்டிருந்தபோது எங்கள் தலைமை நூலகர் பின்னால் வந்து நின்று, என் தோள்வழியே படித்தார். அவர் மூன்று மொழிகள் தெரிந்தவர், நான் மதிக்கிற பெண். "இதெல்லாம் வெளிநாட்டு டாக்டருங்க எழுதினது காலினா," என்றார். "அவங்க கழுத்து வேற." போகும்போது என் மேசைப் பக்கத்து மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போனார்.

அதனால், அத்தை, புத்தகங்களை நம்பிப் பயனில்லை. நீங்கள் வியாழக்கிழமை மாலை அப்பாவுக்கு போன் செய்ய வேண்டும். காற்று நல்லது என்று சொல்லச் சொல்லி உங்களை நான் கேட்கவில்லை, அந்தப் பொய் உங்கள் வாயில் வராது. "பொண்ணு போகட்டும், விடுடா" என்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் ஒருமுறை சொன்னால் அவர் இரண்டாம் முறை கேட்க மாட்டார். அம்மா போன பிறகு நானும் இல்லையென்றால் அவர் வீட்டில் தனியாக இருப்பார் என்பது எனக்குத் தெரியும். அதை அவர் வாயால் சொல்லமாட்டார், நானும் சொல்ல வைக்கப்போவதில்லை. நடந்து போகிற தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டில் சாப்பாடு என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு புத்தகத்தை மூடும்போது "என்னடா ஆச்சு, ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்று யாரும் கேட்காத ஒரு அறை எனக்கு வேண்டும். கேட்பதில் தப்பில்லை. எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். நான் முடிவு செய்துவிட்டேன். இந்த வீடு இல்லையென்றால் இன்னொரு வீடு, அதிலும் எதிரெதிரே இரண்டு ஜன்னல்கள் இருக்கும். ஆனால் அவர் சரி என்று சொல்லி நான் போக வேண்டும், சொல்லாமல் போகக் கூடாது. அதற்குத்தான் நீங்கள் வேண்டும்.

மாமாவின் முழங்காலை விசாரித்ததாகச் சொல்லுங்கள், அதைக் கம்பளியால் சுற்றி வையுங்கள். உங்கள் வீட்டில் அடுப்பும் சிரிப்பும் அணையாமல் இருக்கட்டும். உங்கள் கைகளை முத்தமிட்டு முடிக்கிறேன்.

உங்கள் காலினா

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் வியாழக்கிழமை வந்து போயேவிட்டது, ஆகவே நீங்கள் யாருக்கும் போன் செய்ய வேண்டாம். வெள்ளிக்கிழமை நான் போய் நின்றதும் ரூஷிட்சா அம்மாள் சாவியை நீட்டினார். முந்தைய நாள் அப்பா தனியாக வந்து, சரி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சும்மா போகவில்லை. சிகரெட்டும் கையுமாக அறை முழுக்க மூலை மூலையாக நின்று பார்த்து, புகை அசையாத ஒரே ஒரு மூலையைக் கண்டுபிடித்து, கட்டிலை அங்கே இழுத்துப் போட்டிருக்கிறார். சனிக்கிழமை நான் குடிவந்த அன்றே அதை நதிப் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே நகர்த்திவிட்டு, இரண்டு ஜன்னல்களையும் அகலத் திறந்து வைத்துத் தூங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்தபோது கழுத்து திரும்பவில்லை. மதியம் அப்பா தர்பூசணியோடு வந்தார். அலமாரியைத் திருப்புவது போல முழு உடம்பையும் திருப்பித்தான் கதவைத் திறந்தேன். என் கழுத்தைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், ஜன்னல்களைப் பார்த்தார். மூடட்டுமா என்று நானே கேட்டேன். "உன் வீடுடா," என்றார். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் எனக்கும் நதிக்கும் நடுவில் போட்டு, முதுகைக் காற்றுக்குக் காட்டி உட்கார்ந்து, சாப்பிட்டு முடிக்கும் வரை அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. திங்கட்கிழமை அவருக்கும் கழுத்து திரும்பவில்லை.