உக்கடம் உலகநாதனுக்குப் பொன்னாடை

இணையத்தில் கட்டுரைக்குக் கீழே வாசகர்கள் எழுதும் கருத்துகளை இரண்டே பேர்தான் படிக்கிறார்கள். ஒருவர் அதை எழுதியவர். இன்னொருவர், அவரைத் திட்டி அடுத்த கருத்தை எழுதப்போகிறவர். மூன்றாவதாக ஓர் ஆள் படிக்க வேண்டும் என்று கோயமுத்தூரில் ஓர் இணைய இதழ் என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. நான் படிக்கவில்லை. (சம்பளத்தை மட்டும் தவறாமல் வாங்கிக்கொண்டேன்.)

அங்கே நான் உதவி ஆசிரியர். என் பொறுப்பில் இருந்தது உலக அரசியல் பற்றிய வாரப் பத்தி ஒன்று. எழுதியவர் ராஜேஸ்வரி டீச்சர், தாராபுரத்தில் பூகோளம் நடத்தி ஓய்வுபெற்றவர். உலகத்தில் எங்கே சண்டை நடந்தாலும் அதற்குக் காரணம் ஒரு கடல்வழிதான் என்பது டீச்சரின் கட்சி. பாலைவனத்துக்கு நடுவே இரண்டு பேர் ஒட்டகத்துக்காக அடித்துக்கொண்டாலும், வரைபடத்தை விரித்து ஒரு ஜலசந்தியைக் காட்டாமல் விடமாட்டார். எனக்கு அந்தப் பத்தி பிடிக்கும். டீச்சரையும் பிடிக்கும். எங்கள் முதலாளிக்குத்தான் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏனுங் அம்மணி, இந்த உலக அரசியல் நமக்கு வேணுமுங்களா?" என்றார் ஒரு நாள். "தேங்கா வெல போட்டா ஊரே படிக்குது. டீச்சரம்மா எழுதறதப் பத்தி சனங்க என்ன நெனைக்கறாங்கன்னு ஒரு ரிப்போர்ட் குடுத்துருங். நல்லா இருந்தா ஓட்டலாம். இல்லீன்னா நிறுத்திப்போட்டு, நீங்க ராசிபலனப் பாத்துக்கங்க."

பன்னிரண்டு ராசிக்காரர்களுக்கும் தினமும் பணவரவு வரவழைக்கும் சக்தி என்னிடம் இல்லை. டீச்சருக்கோ அந்தப் பத்திதான் உயிர். எப்படியாவது காப்பாற்ற வேண்டும். ஆனால் பத்தி தொடங்கியதிலிருந்து குவிந்துகிடந்த கருத்துகளை யார் உட்கார்ந்து படிப்பது?

செயற்கை நுண்ணறிவைக் கூப்பிட்டேன். எல்லாக் கருத்துகளையும் அள்ளி அதன் முன்னால் கொட்டி, "இவற்றைத் தலைப்புவாரியாகப் பிரித்துக் கொடு. பத்தியை ஆதரிப்பவர் யார், எதிர்ப்பவர் யார் என்றும் சொல்" என்றேன். ஒரு டீ ஆறுவதற்குள் பிரித்துவிட்டது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆச்சரியம். 'வரியும் பனியன் ஏற்றுமதியும்', 'கப்பல் வழிகள்', 'வெளிநாட்டுப் பயணம்' என்று அழகழகாகத் தலைப்புகள். எல்லாவற்றிலும் பெரியதாக ஒரு தலைப்பு: 'நன்றியும் பாராட்டும்'. அடியில் ஒரு குறிப்பும் இருந்தது. சில கருத்துகள் கிண்டலாக இருக்கலாம், உள்ளூர்ப் பேச்சு வழக்கு தெரிந்தவர் ஒருமுறை படித்துச் சரிபார்ப்பது நல்லது என்று. அதை நான் மாத்திரை அட்டையில் இருக்கும் பொடி எழுத்தைப் படிப்பதுபோலப் படித்தேன். அதாவது படிக்கவில்லை.

பதிலாக, ஆர்வம் தாங்காமல் இன்னொரு கேள்வி கேட்டேன். "டீச்சரின் மிகத் தீவிரமான ஆதரவாளர் யார்?" பதில் உடனே வந்தது: 'உக்கடம் உலகநாதன்'. வாரம் தவறாமல் எழுதுகிறார், எழுதியவரை மிக உயர்வாக மதிக்கிறார், ஒவ்வொரு கருத்தின் முடிவிலும் 'இதைப் படிக்கும் ஆசிரியர் அம்மணி நேரத்துக்குச் சாப்பிடவும்' என்று அக்கறையோடு முடிக்கிறார். எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. பெற்ற தாய் தகப்பனுக்குக்கூட இந்த அக்கறை இருக்குமா என்று நினைத்தேன். (ஆமாம், அப்படியேதான் நினைத்தேன்.) 'வெளிநாட்டுப் பயணம்' என்ற தலைப்பு உலக அரசியலுக்குச் சம்பந்தமில்லாதது என்று நானே தள்ளிவிட்டு, மீதியை ரிப்போர்ட்டாக்கி முதலாளியிடம் கொடுத்தேன்.

முதலாளி உச்சி குளிர்ந்துபோனார். அவர் குளிர்ந்தால் உடனே விழா எடுத்துவிடுவார். உக்கடம் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபம் பிடித்து வாசகர் சந்திப்பு, மதியம் சாப்பாடு, முதல் ரசிகருக்கு மேடையில் பொன்னாடை. உலகநாதனுக்கு அவருடைய கருத்துக்குக் கீழேயே (அதையும் படிக்காமல்) அழைப்பு எழுதினேன். 'நெம்ப சந்தோசமுங்க. கட்டாயம் வாரேன்' என்று பதில் வந்தது.

விழா நாள் காலையில் அப்பா வெளுத்த வேட்டி சட்டையில் கிளம்பி நின்றார். எங்கள் வீடு போத்தனூரில். அப்பா மோட்டாருக்குப் பாகங்கள் செய்யும் லேத் பட்டறை வைத்திருந்தவர். பட்டறையை என் தம்பி கையில் கொடுத்த பிறகு, தினமும் பஸ் ஏறி உக்கடம் குளக்கரைக்கு நடைப்பயிற்சிக்குப் போவார். "எங்கப்பா கிளம்பிட்டீங்க?" என்றேன். "ஒரு விசேசங் கண்ணு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஏதோ இருந்தது. எனக்கு மைக் டெஸ்ட் செய்யும் அவசரம். கேட்கவில்லை.

மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் டீச்சர், பட்டுப்புடவையில். மேடையில் நான் தொகுப்பாளர். "டீச்சரின் எழுத்துக்குத் தன் இதயத்தையே கொடுத்த முதல் ரசிகர், உக்கடம் உலகநாதன் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்!" என்று தொண்டை கிழிய முழங்கினேன். கைதட்டலுக்கு நடுவே அப்பா படியேறி வந்தார்.

எனக்கு முதலில் தோன்றியது, நான் எதையோ வீட்டிலேயே விட்டுவிட்டேன், அதைக் கொடுக்க வந்திருக்கிறார் என்பதுதான்.

மைக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பா, கொஞ்சம் கீழ இருங்க. ஒருத்தருக்குப் பொன்னாடை போடணும்" என்றேன்.

"அது நாந்தாங் கண்ணு" என்றார் அப்பா.

முதலாளி பொன்னாடையைப் போட்டுவிட்டு அவர் கையில் மைக்கைக் கொடுத்தார். அப்பா ஒருமுறை செருமிக்கொண்டார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. டீச்சரம்மா எழுதறது நெம்ப அருமைங்க. தாராபுரத்துல உக்காந்துக்கிட்டு ஏழு கடலையும் அளந்துபோடறாங்க. பக்கத்துல இருக்கற அமராவதி ஆத்துல தண்ணி வருதா இல்லியான்னு மட்டும் எழுதறதில்லீங்க. இருக்கட்டுமுங்க, அவிங்களுக்கு எத்தன சோலியோ. சண்டைக்கெல்லாம் கப்பல் வழிதான் காரணம்னு எழுதறாங்க, நாங்களும் படிச்சுப்போட்டு சந்தோசப்படறமுங்க. காப்பருன்னு ஒரு வார்த்த வராதுங்க. காப்பர் இல்லாம மோட்டார் ஓடுமுங்களா? மோட்டார் ஓடாம உலகம் ஓடுமுங்களா? இது டீச்சரம்மாவுக்குத் தெரியாம இருக்குமுங்களா? நம்மளாட்ட ஆளுகளுக்குச் சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு பெருந்தன்மையா உட்டுப்போட்டாங்க. நெம்ப நன்றிங்க."

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும், மரியாதை ஏறும். சட்டையைப் பிடிக்கப்போகிறவர்கூட "சித்த வெளிய வாங்க" என்றுதான் கூப்பிடுவார். பாராட்டும் நன்றியும் ஒரே மூச்சில் வந்தால், எதிரில் இருப்பவர் ஓடிவிடுவது உடம்புக்கு நல்லது. இது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அந்த இயந்திரம் எங்கள் ஊரில் பிறக்கவில்லை. கருத்துகளில் ஒன்றையாவது படித்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். 'நன்றியும் பாராட்டும்' என்ற அந்தப் பெரிய மூட்டை முழுவதும் வசவு.

மண்டபம் குலுங்கியது. முதலாளி என் பக்கம் திரும்பவே இல்லை. மேஷமும் ரிஷபமும் என் கண் முன்னால் வந்து நின்றார்கள். டீச்சர் மெல்ல எழுந்தார். அந்த நிமிடம், அவர் அழுதுவிடக் கூடாதே என்றுதான் பயந்தேன்.

"ஐயா சொல்றது நெம்பச் சரிங்க" என்றார் டீச்சர், குயில் போன்ற குரலில். "எனக்கு ஒரே ஒரு சந்தேகமுங்க. அந்தக் காப்பர் கடல்ல நீந்திக்கிட்டு வருதுங்களா, கப்பல்ல ஏறி வருதுங்களா? அத மட்டும் ஐயா சொல்லிப்போட்டா, நான் பேனாவ மூடி வெச்சிடறனுங்க."

விசில் பறந்தது. அப்பா பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு இரண்டாம் சுற்றுக்குத் தயாரானார். அதற்குள் பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் எழுந்து, அமெரிக்கா போட்ட வரியை இரண்டு பேருமே மறந்துவிட்டீர்களே என்று மிக மிக மரியாதையாகக் கேட்டார். அவர் உட்கார்ந்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா கை தூக்கினார். "எம்பையன் டீச்சரம்மா எழுதற அந்தச் சண்டைக்குப் பக்கத்து நாட்டுலதாங்க வேலைல இருக்கறான். சண்ட பெருசானா பிளேன் ஓடுமுங்களா? இதத்தான் நானும் எழுதி எழுதிக் கேக்கறனுங்க. யாரும் சொல்லமாட்டேங்கறாங்க." 'வெளிநாட்டுப் பயணம்' என்று நான் தூக்கிப்போட்டது அவரைத்தான். எனக்கு முகம் சூடாகிவிட்டது. டீச்சர் முன்வரிசையிலிருந்து பின்னால் நடந்து, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து வரைபடத்தை விரித்தார்.

சாப்பாடு தயார், இலை போட்டாயிற்று என்று சமையல்காரர் வந்து சொன்னார். யாரும் எழுந்திருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் இலை போட்ட பிறகும் ஆட்கள் எழுந்திருக்காதது எவ்வளவு பெரிய சம்பவம் என்பது முதலாளிக்குத் தெரியும். பாயசம் ஆறும்வரை பேசிவிட்டுத்தான் பந்திக்குப் போனார்கள்.

கை கழுவும் இடத்தில் முதலாளி என்னைப் பிடித்தார். "அம்மணி, உங்க ரிப்போர்ட் நெம்ப அருமைங்க" என்றார். நான் ஓடுவதற்கு வழி பார்த்தேன். "டீச்சரம்மா எழுதட்டும். சண்ட போடறதுக்குன்னே வாரம் வாரம் வருவாங்க போலிருக்குது. நீங்க இனிமே கருத்தப் படிங்க."

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பந்தியில் அப்பா எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்.

"ஏம்ப்பா பேர மாத்தி எழுதுனீங்க?" என்றேன்.

"ஆசிரியரோட அப்பனே எழுதறான்னு உனக்குக் கெட்ட பேரு வந்துருமில்ல. ஊட்ல காப்பரப் பத்தி வாயெடுத்தா நீ காதுல ஹெட்போன மாட்டிக்கற. அங்க எழுதுனா நீ படிச்சுத்தான ஆகோணும், அது உன்ற வேல. சாப்பாட்டப் பத்தி எழுதறதப் பாத்ததும் நாந்தான்னு நீ கண்டுபுடிச்சிருப்பேன்னு நெனச்சேன். மேடைக்குக் கூப்புட்டதும் நெம்பப் பெருமையாப்போச்சு." கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எல்லாத்தையும் படிச்சுப்போட்டுத்தான கண்ணு கூப்பிட்ட?"

நான் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தேன்.

"நெம்ப சந்தோசமுங்க" என்றார் அப்பா.

அப்பா என்னை அதுவரை மரியாதை போட்டுப் பேசியதில்லை. அந்த ஒரு 'ங்க'வுக்குப் பிறகு நான் பாயசத்தைக்கூடத் தொடவில்லை. அன்று சாயங்காலமே உட்கார்ந்து, உலகநாதனின் கருத்துகளை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். பாதி தப்பு. அத்தனையும் சுவாரசியம். காப்பரைப் பற்றி இவ்வளவு எழுத முடியும் என்று காப்பருக்கே தெரிந்திருக்காது.

இப்போதும் அந்த இயந்திரத்தைத்தான் பயன்படுத்துகிறேன், பிறகு நானும் படிக்கிறேன். எங்கள் ஊர் வழக்கத்தை ஒருமுறை அதற்கு விளக்கிச் சொன்னேன். உடனே அது, மனதார நன்றி சொன்ன ஓர் அப்பாவியையும் கடும் எதிர்ப்பாளர் பட்டியலில் தூக்கிப் போட்டது. அதைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊருக்குக் கல்யாணமாகி வந்தவர்களுக்கே இது பிடிபட வருடக்கணக்கில் ஆகிறது. வீட்டில் யாராவது சாம்பார் நன்றாக இருக்கிறது என்று சொன்னால், அம்மா கரண்டியோடு என் பக்கம் திரும்பி, "இத எந்தத் தலைப்புல போடறது?" என்று கேட்கிறார். தம்பி பெண் பார்க்கப் போன இடத்தில்கூட இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் காபி குடித்தான்.

போன வாரம் டீச்சருக்குக் காய்ச்சல். பத்தியை நானே எழுதினேன். காலையில் முதல் கருத்து உலகநாதனிடமிருந்து வந்தது. 'ஆசிரியர் அம்மணி எழுத்து நெம்ப அருமைங்க. இவ்வளவு படிச்சவிங்க எங்களுக்கோசரம் மெனக்கெட்டு எழுதறது நாங்க செஞ்ச பாக்கியமுங்க. நெம்ப நெம்ப நன்றிங்க.'

எந்த இயந்திரத்தையும் நான் கேட்கவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டேன். ஹெட்போனை ஆபீஸ் மேஜையிலேயே வைத்துப் பூட்டிவிட்டேன்.