பாட்டிலில் அடைத்த தூக்கம்

மாலை ஆறு மணிக்கே அந்த நெடுஞ்சாலை நிறுத்தத்தில் வண்டி திருப்ப இடமில்லை. லாரி, பஸ், வேன், டாங்கர் எல்லாம் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு நின்றன. டீசல் போட அல்ல. வயிற்றுக்குப் போடவும் அல்ல. தூக்கத்தைக் கழற்றி வைக்க!

சரியாகத்தான் படித்தீர்கள். டயர் கடைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறை. வாசலில் பலகை: 'உங்கள் தூக்கத்தை இங்கே விட்டுச் செல்லுங்கள். திரும்பும்போது பத்திரமாகப் பெற்றுக்கொள்ளுங்கள்.' உள்ளே சிவப்பு நாற்காலியில் 'உறங்காதவர்' வீற்றிருந்தார். பதினோரு வருஷமாக அவர் கண்ணை மூடியதே இல்லை என்று பலகையின் இரண்டாம் வரி சொன்னது. பலகை பொய் சொல்லுமா? பெயின்ட் அடித்தல்லவா எழுதியிருக்கிறது!

முறை எளிது. ராத்திரி முழுக்க ஓட்டப்போகும் டிரைவர் எதிரே உட்கார வேண்டும். உறங்காதவர் அவருடைய இமைகளில் 'விழித்துளி' தடவுவார். காலி பாட்டிலை வாயருகே நீட்டி, "விடு!" என்று உறுமுவார். டிரைவர் தாடை கழலுகிற மாதிரி ஒரு கொட்டாவி விடுவார். உடனே உறங்காதவரின் மைத்துனர் பாய்ந்து வந்து மூடியைத் திருகி, மெழுகு ஊற்றி, நம்பர் ஒட்டி அலமாரியில் வைப்பார். தூக்கம் போன இடம் காலியாக இருக்கக்கூடாதாம். அதற்காகக் கடைசியில் ஒரு குவளை கறுப்புக் கஷாயம்.

முகத்துக்கு நேரே பாட்டிலை நீட்டி ஒருவன் கொட்டாவி விட்டால், பார்க்கிறவனுக்கும் வராதா? வரிசையில் நின்ற நாற்பது பேருக்கும் வந்தது. அதையும் மகிமை என்றார்கள்.

சரி, பாட்டிலில் போட்டுவிட்டுப் போனவர் வழியில் கண்ணசந்து வண்டியைப் பள்ளத்தில் இறக்கினால்? மூடி லூசாக இருந்திருக்கும்! திட்டு மைத்துனருக்கு, புகழ் உறங்காதவருக்கு. டாங்கர் டிரைவர் ஒருவர் தன் பாட்டிலைத் திரும்ப வாங்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று ராத்திரி கட்டிலில் மல்லாந்து மின்விசிறியை எண்ணிக்கொண்டிருந்தாராம். "தூக்கம் கைவசம் இல்லையேடி, எதை வெச்சுத் தூங்குவேன்?" என்று மனைவியிடம் ஒரே அழுகை.

உண்மையான கொண்டாட்டம் முதலாளிகளுக்கு. ராத்திரி பஸ் என்றால் இரண்டு டிரைவர் இருப்பார்கள். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கடைசி சீட்டில் தூங்குவார், பாதி வழியில் மாறிக்கொள்வார்கள். இனி எதற்கு அந்த இரண்டாமவர்? பாட்டில் லீவு கேட்குமா? பாட்டிலுக்கு வயிற்றுவலி வருமா?

ஏழு மணிக்கு ஒரு வெள்ளைப் பஸ் வந்து நின்றது. முப்பத்தெட்டுப் பயணிகள். முன் சீட்டில் டிரைவரின் மனைவி, மடியில் இரண்டு வயது மகள். மனைவி ஆஸ்பத்திரி நர்ஸ். பத்து வருஷமாக ராத்திரி டூட்டி. அக்கா வீட்டுக்குப் போகக் கணவரின் பஸ்ஸிலேயே ஏறியிருந்தாள். ஏறிய பிறகுதான் கடைசி சீட்டைப் பார்த்தாள். யாருமில்லை.

"என்னங்க, மாத்து டிரைவர் அண்ணன் எங்க?"

"அவரை இனிமே வரவேணாம்னுட்டாரு முதலாளி. பாட்டில் போதுமாம்."

"நேத்து ராத்திரியும் நீங்கதானே ஓட்டுனீங்க. பகல்ல தூங்குனீங்களா?"

"எங்க தூங்க? வண்டியை சர்வீஸுக்கு விட்டுட்டு அங்கேயே நின்னேன். அதான் பாட்டில்ல போட்டுடறோமே, அப்புறம் என்ன?"

"அப்படியே இவளோட அழுகையையும் ஒரு பாட்டில்ல போட்டுட்டு வாங்க. வழியெல்லாம் நிம்மதியா இருக்கும்."

டிரைவர் சிரித்தார். சிரிக்கும்போதே அவர் கண் ஒன்று தானாக மூடிக்கொண்டது. அதை அவள் பார்த்துவிட்டாள். அடுத்த பத்து மணி நேரத்துக்கு அந்தக் கண்தான் முப்பத்தெட்டுப் பேருக்கும் காவல். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே இறங்கினாள்.

உள்ளே கச்சிதமாக நடந்தது. துளி. பாட்டில். "விடு!" கொட்டாவி. மூடி. மெழுகு. நம்பர் முந்நூற்றுப் பன்னிரண்டு. மைத்துனர் கஷாயத்தை நீட்டினார். நர்ஸ் குறுக்கே கை வைத்தாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். இவரு தூக்கம் முழுக்க பாட்டிலுக்குள்ள போயிடுச்சா?"

"சொட்டு மிச்சமில்லம்மா," என்றார் உறங்காதவர், கண்ணைப் பெரிதாக விரித்து.

"அப்ப கஷாயம் எதுக்கு?"

வரிசையில் யாரோ, "அதானே!" என்றார்.

நர்ஸ் குவளையை முகர்ந்தாள். "நாலு பேருக்குப் போடற காப்பித்தூளை ஒருத்தருக்குப் போட்டிருக்கீங்க. பால் இல்ல, சர்க்கரை இல்ல." பிறகு கணவரின் இமையைத் தொட்டு முகர்ந்தாள். "இது சளி பிடிச்சா நெஞ்சுல தடவற தைலம். எங்க வார்டுல டப்பா டப்பாவா இருக்கு." ஈரத் துண்டை எடுத்து அவர் கண்ணைத் துடைத்தாள்.

"துடைக்காதே! பலன் போயிடும்!"

"தூக்கம் பாட்டிலுக்குள்ள, மூடி மேல மெழுகு. வெளியில கண்ணைத் துடைச்சா உள்ள இருக்கறது எப்படிங்க வரும்?"

"அதானே!" இந்தத் தடவை ஐந்தாறு குரல்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்த வீட்டுத் தரகர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, பெரியவங்ககிட்ட வாயாடறே? நேரமாச்சு, வண்டிய எடுக்கச் சொல்லு!"

"எடுக்கலாம் சார். அதுக்கு முன்னாடி இருபது நிமிஷம். இந்த பாட்டிலை நீங்களே கையில வெச்சுக்குங்க. மூடியை யாரும் தொடவேணாம். இவரு இந்த நாற்காலியில சும்மா உட்காரட்டும். பேச்சு, பாட்டு, தட்டி எழுப்பறது எதுவும் கூடாது. தூங்கலைன்னா நான் ஐயா கால்ல விழுந்துட்டுக் கிளம்பறேன்."

உறங்காதவர் மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் அலமாரியைப் பார்த்தார். கூட்டமோ, "ஐயாவுக்கா பயம்? சோதிக்கட்டும்!" என்று ஆரவாரித்தது. பக்தர்கள் வரம்பு மீறி நம்பினால் எந்த மகானுக்கும் சங்கடம்தான். தலையாட்டினார்.

டிரைவர் உட்கார்ந்தார். தரகர் பாட்டிலை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அறைக்குள் அறுபது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு நிமிஷம். டிரைவர் நேராக இருந்தார். கூட்டத்தில் பெருமிதம். இரண்டு நிமிஷம். தலை கொஞ்சம் முன்னால் வந்தது. "யோசிக்கிறாரு," என்று ஒருவர் கிசுகிசுத்தார். மூன்றாவது நிமிஷம் மோவாய் சட்டைப் பொத்தானைத் தொட்டது. அடுத்து ஒரு சத்தம் கேட்டது பாருங்கள்! மண் லாரி மேட்டில் ஏறுகிற சத்தம்.

"அப்பா கொர்ர்ர்," என்று மகள் கைகொட்டினாள்.

எல்லோரும் பாட்டிலைப் பார்த்தார்கள். மெழுகு அப்படியே இருந்தது.

"சார், சாவி வேணுமா?" என்றாள் நர்ஸ். "வண்டிய எடுக்கச் சொன்னீங்களே."

தரகருக்கு முகம் வெளுத்தது.

உறங்காதவர் மகா கெட்டிக்காரர். நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். "இது இவரு தூக்கமே இல்ல! இவரோடது பாட்டில்லதான் இருக்கு. அலமாரியில இருந்து வேற யாரோடதோ கசிஞ்சு இவருக்குள்ள பூந்துடுச்சு! டேய், எத்தனை தடவை சொன்னேன், மூடியை இறுக்கித் திருகுடான்னு!"

"அதானே!" என்றது கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு அந்த ஒரு வார்த்தைதான் தெரியும் போலிருக்கிறது. யார் கடைசியாகப் பேசினாலும் அவருக்குக் கொடுத்துவிடும்.

நர்ஸ் அசரவில்லை. "மூணு நிமிஷம் உட்கார்ந்தவருக்கே கசிஞ்சு ஏறுதுன்னா, அலமாரிக்கு முதுகு குடுத்து உட்கார்ந்திருக்கற உங்களுக்கு ஏறலையா?"

"நான் உறங்காதவன்!"

"அப்ப பயமே இல்ல. அண்ணன்மாரே, அவங்கவங்க பாட்டிலை எடுத்துட்டு வாங்க. ஐயா மூக்குக்கு நேரா திறங்க."

டிரைவர்களுக்கு இந்த விளையாட்டு ரொம்பப் பிடித்துப்போனது. பாய்ந்தார்கள். டப்! லாரிக்காரரின் தூக்கம். டப்! டாங்கர்காரரின் தூக்கம். டப், டப், டப்! வேன், ஜீப், பால் வண்டி! ஐம்பது பேரின் ராத்திரி உறக்கம் ஒரே மூக்கை நோக்கிப் புறப்பட்டது.

இப்போது உறங்காதவரின் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தூங்காவிட்டால் பாட்டிலில் ஒன்றுமில்லை என்றாகும். தூங்கினால் பதினோரு வருஷப் பலகை பணால். முதலில் பாட்டிலைக் காப்பாற்ற நினைத்தார். "ஆ..." என்று சரிந்து, கண்ணை மூடி, குறட்டையும் விட்டார். நல்ல குறட்டைதான், பழகிய குறட்டை.

"ஐயோ, பதினோரு வருஷம் போச்சே!" என்று ஒருவர் அலறினார்.

சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். "தூங்கல! நான் தூங்கல!"

"அப்ப பாட்டில் காலியா ஐயா?"

மறுபடி சரிந்தார்.

"பலகையை அழிச்சுடலாமா ஐயா?"

மறுபடி எழுந்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. டிரைவரின் மகள் அதை ஒரு விளையாட்டு என்றே முடிவுகட்டி, "இன்னொரு வாட்டி!" என்றாள்.

அப்போதுதான் மைத்துனர் வெடித்தார். மெழுகுக் கரண்டியைத் தரையில் வீசினார். "மாமா, ஒண்ணு படுங்க, இல்ல எந்திரிங்க! தினமும் காலையில ஆறு மணிக்குப் படுத்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும் பின் ரூம்ல தூங்கறீங்களே, இன்னும் என்ன தூக்கம் உங்களுக்கு? பகல்ல கல்லாவுல நான். ராத்திரி மூடி திருகறது நான். திட்டு வாங்கறதும் நான். மூணு மாசமா இந்த ரூம்ல உண்மையா தூங்காத ஒரே ஆளு நான்தான்யா!"

சொல்லிவிட்டு அலமாரியில் சாய்ந்தார். நின்றபடியே தூங்கிப்போனார்.

பின் அறைக் கதவைத் திறந்தார்கள். மெத்தை, இரண்டு தலையணை, போர்வை, ஜன்னலில் கனத்த திரை. மூட்டை மூட்டையாகக் காப்பித்தூள். "சே, ஏசி வேற!" என்றார் டாங்கர் டிரைவர், தன் மூன்று ராத்திரிகளை நினைத்து. திரும்பிப் பார்த்தபோது சிவப்பு நாற்காலி காலி. உறங்காதவர் கழிப்பறைப் பக்கமாக நல்ல விழிப்போடு ஓடிக்கொண்டிருந்தார்.

நர்ஸ் மாற்று டிரைவருக்குப் போன் போட்டாள். வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார். முதலாளியிடம் பேசும் வேலையைத் தரகரே ஏற்றுக்கொண்டார்; பஸ்ஸோடு தானும் பள்ளத்தில் கிடப்பது மாதிரி மனசுக்குள் ஒரு தடவை பார்த்துவிட்டவருக்குக் குரல் தானாக உயர்கிறது. நான்கு பேர் சேர்ந்து டிரைவரைத் தூக்கிப்போய்க் கடைசி சீட்டில் கிடத்தினார்கள். அவர் எழவே இல்லை. பயணிகள் காத்திருந்த நேரத்தில் பாட்டுக்குப் பாட்டு ஆரம்பித்தார்கள். லாரிக்காரர்கள் எதிர்க் கட்சி. பால் வண்டிக்காரர் எந்த எழுத்துக்கும் ஒரே பாட்டைப் பாடினார்.

எல்லாம் அடங்கியதும் தரகர் மெல்ல நர்ஸிடம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்க சொன்னதுதான்மா சரி. தூக்கம் வந்தா தூங்கிடணும். அதுக்கு எந்தத் திசையில தலை வைக்கணும்? எத்தனை தடவை?"

நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

வாசகர்களே, நீங்களும் ராத்திரி பஸ்ஸில் ஏறுவீர்கள். ஏறும்போது டிரைவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, கடைசியா எப்பத் தூங்குனீங்க?" கேட்க வெட்கமாக இருக்கிறதா? அடுத்தவன் கொட்டாவியைப் பாட்டிலில் பிடித்து நம்பர் ஒட்டுகிறபோது மட்டும் வரிசையில் நிற்க வெட்கமாக இல்லையே!