அஸ்கர் கன்னத்தில் ஒளித்த பாதாம்

வாழ்க அஸ்கர்! வாடைக்காற்றுக்கு நெஞ்சு நிமிர்த்தும் ஓர்ஹுஸ் நகரத்து ஏறே, சைக்கிள் பாதையில் முன்னே போகும் கிழவியையும் முந்தாமல் மூச்சு விடாத மாமறவனே, ஐம்பது வயதிலும் அக்காளிடம் தோற்பதற்கென்றே வாய்த்த தம்பியே, உன் புகழ் பாட என் ஒரு நா போதாது!

அக்காள் விபெகே. அவனுக்கு முன்பே பிறந்துவிட்டாள். அந்த முதல் தோல்வியையே அவன் இன்னும் மன்னிக்கவில்லை. பல் முளைத்ததில், நீச்சல் பழகியதில், நீதிபதி நாற்காலி பிடித்ததில் முந்திய அம்மங்கை, கிறிஸ்துமஸ் மாலைதோறும் பாதாம் போரிலும் வென்று, பரிசான மிட்டாய்ப் பன்றியை அவன் கண்ணெதிரே தலையிலிருந்து தின்பாள்.

இவ்வாண்டும் செருக்களம் விரிந்தது. பாலாடை நுரைக்கும் குளிர்ந்த அரிசிப் பாயசம் வெண்மலையென எழ, சூடான செர்ரிக் குழம்பு அதன்மேல் செங்குருதியெனப் பாய, தாய் இங்கெபோர் அம்மலையின் வயிற்றில் உடைக்காத ஒற்றைப் பாதாமைப் புதைத்திருந்தார். கண்டெடுத்தவர் அதைக் கன்னத்தில் ஒதுக்கி, பாத்திரம் காலியாகும்வரை வாய் திறவாமல், மற்றவர்களைத் தின்னவைத்து ஏய்ப்பதே அவ்வூர்ப் போரறம்.

முதற்கரண்டியிலேயே அஸ்கரின் பல்லில் நறுக்கென்று இடித்தது வெற்றி! கண் கலங்கியதற்குக் குழம்பின் சூட்டைப் பழித்துவிட்டு, பாதாமைக் கன்னத்தின் ஆழத்தில் சிறைவைத்தான். ஆயுளில் முதன்முறையாக அக்காளை வெல்லப் போகிறான். இனி அவன் செய்யவேண்டியதெல்லாம் சும்மா இருப்பதுதான்.

விபெகேயோ தன் கிண்ணத்தை மறுபடி நிரப்பியபடி முழங்கினாள்: "என்னடா, அதுக்குள்ள கரண்டிய வச்சிட்ட? சின்ன வயசுலேருந்தே உனக்குக் கோழிக்குஞ்சு வயிறு. நான் இன்னும் ரெண்டு கிண்ணம் தின்பேன்!"

"நீ தின்னா நான் தின்னமாட்டேனா? தள்ளு அந்தப் பாத்திரத்த!"

"அய்யோ, பேரன் பேத்தி எடுக்கற வயசுல என்ன இது!" என்று தலையிலடித்துக்கொண்டார் தாய்.

யார் கேட்டார்கள்? கரண்டிகள் வாளென மின்ன, மேசை அதிர, மீசை வெளுக்க, அள்ளி அள்ளி விழுங்கிய அஸ்கர், அக்காளை ஒரு வாய் முந்தி, காலிக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டி, "ஜெயிச்சிட்டேன்!" என்று கர்ஜித்தான். வெற்றிச் சின்னத்தை எடுத்துக்காட்ட வாய்க்குள் விரலை விட்டான். இடக்கன்னம் வெறுமை. வலக்கன்னமும் வெறுமை.

"இருந்துச்சும்மா! சத்தியமா என் வாயிலதான் இருந்துச்சு!"

"ஆதாரம் எங்க?" என்றாள் நீதிபதி.

அம்மா மிட்டாய்ப் பன்றியை இரண்டாக வெட்டிக் கொடுத்தார்; அக்காளுக்குப் போன துண்டு கொஞ்சம் பெரிது.