லெவல் மேசனின் எட்டு ஆயுதங்கள்

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் உள்ள வீடுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். லெவல் மேசன் கட்டியவை, லெவல் மேசன் பார்த்துவிட்டுச் சண்டை பிடித்தவை, லெவல் மேசன் இன்னும் பார்க்காதவை. மூன்றாவது வகை வீடுகளின் சொந்தக்காரர்கள் மட்டும்தான் நிம்மதியாக இருந்தார்கள்.

அடையாள அட்டையில் அவருக்கு வேறொரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். ஐம்பது வயது, ஒல்லியான உடம்பு, கண்களுக்கு மேலே எப்போதும் சீமெந்துத் தூள் படிந்த புருவம். சுவரின் மட்டம் பார்க்கும் லெவலை எந்நேரமும் அக்குளுக்குள் வைத்திருப்பார். சுனாமி அடித்து நாலைந்து மாதம் கழித்து, வீடு கட்டிக் கொடுக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் நான் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தபோதுதான் அவரை முதன்முதலில் கண்டேன். வேலை கேட்டு வந்தவர் எங்கள் வெள்ளைக்கார மேலாளரின் மேசையில் கடிதத்தை வைக்கவில்லை, லெவலை வைத்தார். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்த பீடிப்பெட்டியின் அட்டையைக் கிழித்து மடித்து, மேசையின் ஒரு காலுக்குக் கீழே செருகினார். அந்த மேசையிலிருந்து உருண்டு விழும் பென்சிலை மேலாளர் மூன்று மாதமாகக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கே வேலை கிடைத்தது.

களுதாவளையில் எங்கள் அலுவலக ஆள் ஒருவருக்குக் கல்யாணம். எல்லோரும் மணமக்களைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மணவறையின் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையை எழுப்பி நிற்கவைத்துவிட்டுப் பலகைக்குக் கீழே தேங்காய்ச் சிரட்டைத் துண்டொன்றை அடித்து இறுக்கினார். மாப்பிள்ளையின் தாய் நல்ல நேரம் போகிறது என்று கோபப்பட்டார். “இப்பிடியே சரிஞ்சு இருந்தா பொம்பிளைக்குத்தானே அம்மா கழுத்து நோகும்” என்றார் இவர், மிகவும் அக்கறையாக. பொம்பிளை தலையைக் குனிந்து சிரித்ததை நான் கண்டேன்.

அவரிடம் எட்டு ஆயுதங்கள் இருந்தன. எங்கள் பக்கத்து மேசன்மாரும், மரவேலை செய்யும் ஓடாவிமாரும் தங்கள் கருவிகளை ஆயுதம் என்றுதான் சொல்வார்கள். பெரிய கரண்டி, சின்னக் கரண்டி, மட்டப்பலகை, சுத்தியல், உளி, மூலைமட்டம், லெவல், சுவரின் நேர் பார்ப்பதற்கு நூலில் கட்டித் தொங்கவிடும் பித்தளைக் குண்டு. ஒவ்வொன்றுக்கும் அளவாக ஒரு துணி உறை. எல்லா உறையும் ஒரே நீலச் சேலைத் துணி. அவற்றை யாருக்கும் இரவல் கொடுக்கமாட்டார். மேலாளர் ஒருநாள் படத்துக்கு ஆணி அடிக்கச் சுத்தியல் கேட்டபோது, சுத்தியலைக் கொடுக்காமல் தானே போய் அடித்துவிட்டு வந்தார்.

உறைகளின் கதையை அவருடைய மனைவிதான் எனக்குச் சொன்னார். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். கடல் வந்த அன்று காலை இவர் கிரானில் நிறைய வயல் வைத்திருந்த ஒரு போடியாரின் வீட்டில் பூச்சு வேலை. ஆயுதங்களும் அவரோடு அங்கே. கரையோரம் இருந்த இவர்களின் வீடு அத்திவாரத்தோடு போய்விட்டது. அக்கா ஒரு தென்னையைக் கட்டிப்பிடித்துத் தப்பினார். முகாமில் மாற்றுத் துணி கிடைத்த பிறகு, அன்றைக்கு உடுத்திருந்த சேலையைச் சேறு போக அலசி, எட்டுத் துண்டாக வெட்டி, கையாலேயே தைத்தாராம். “கடல் விட்டதெல்லாம் ஒரே இடத்தில இரிக்கட்டும் எண்டுதான் தம்பி” என்றார்.

இப்படிப்பட்ட மனிதரை விமானத்தில் கூட்டிக்கொண்டுபோகும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது.

சண்டை திரும்பவும் மூண்டு யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை பூட்டியிருந்த காலம். அங்கே இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த ஒரு முகாமில் கம்பிவலையும் சீமெந்தும் வைத்து நாலு தண்ணீர்த் தாங்கிகள் கட்டினார்கள். நாலும் வெடித்து ஒழுகின. சனம் வாளியோடு மணிக்கணக்காக வரிசையில் நிற்கிறது என்று செய்தி வந்தது. ஒழுகாத தாங்கி கட்டத் தெரிந்தவர் எங்களிடம் ஒருவர்தான் இருந்தார். ஒரு மாதம் போய்க் கட்டிக் கொடுத்து, அங்குள்ள மேசன்மாருக்கும் காட்டிவிட்டு வரமுடியுமா என்று மேலாளர் கேட்டார். இவர் உடனே ஓம் என்றார். ஆயுதங்களும் வரும் என்றார். யாழ்ப்பாணத்தில் எல்லாம் வாங்கலாம், வெறுங்கையோடு போனால் போதும் என்று நான் சொன்னேன்.

“அங்கத்தக் கரண்டிக்கு என்ட கை தெரியாது தம்பி. ஆயுதம் வராட்டி நானும் வரல்ல.”

விமான அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். பேசிய பெண் பொறுமையாகச் சொன்னார். கூரானது, பாரமானது, நீளமானது எதையும் கையில் கொண்டுவர முடியாது. எல்லாம் ஒரு பெட்டிக்குள் வைத்து விமானத்தின் வயிற்றுக்குள் போகவேண்டும். பெட்டியோடு இருபது கிலோவுக்கு மேல் கூடாது. கூர்முனைகளுக்கு உறை வேண்டும். சீமெந்துத் தூள், எண்ணெய்ப்பிசுக்கு ஒன்றும் இருக்கக்கூடாது. உள்ளே என்னென்ன என்று ஒரு பட்டியல் மேலேயே இருக்கவேண்டும். பூட்டலாம், ஆனால் கேட்டவுடன் திறந்து காட்டவேண்டும்.

காத்தான்குடியில் இவருக்கு ஓர் ஓடாவி நண்பர் இருந்தார். அவர் நட்பின் பேரில் பாலை மரத்தில் ஒரு பெட்டி செய்து தந்தார். யானை ஏறி நின்றாலும் உடையாத பெட்டி. நெல் ஆலைத் தராசில் வைத்தோம். வெறும் பெட்டியே பதினெட்டுக் கிலோ. மிச்சம் இரண்டு கிலோவுக்குள் எட்டு ஆயுதத்தையும் அடக்கவேண்டும் என்று நான் சொன்னதும் ஓடாவியாரின் முகம் வாடிவிட்டது. “விமானம்தான் பலமில்லாத சாமான் போல இரிக்கி” என்று சொல்லிவிட்டு, மெல்லிய பலகையில் இன்னொன்று செய்தார். பழைய மெத்தையின் பஞ்சை வெட்டி, சுத்தியலும் உளியும் அடியில் அசையாமல் கிடக்க, மற்றவை மேலே தங்கள் தங்கள் குழியில் படுக்கும்படி வைத்தார்கள். இரண்டு பேரும் ஒரு பகல் முழுக்கக் கரண்டிகளைத் தேய்த்துக் கழுவினார்கள். முகம் பார்க்கலாம் போல மினுங்கின.

என் கவலை வேறு. அந்தக் காலத்தில் கொழும்பு போகிற வழியெல்லாம் சோதனைச்சாவடி. இவரோ பெட்டியைத் தட்டித் தட்டி, “என்ட ஆயுதம்” என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தார். ஆயுதம் என்ற சொல்லை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள் அண்ணன், சாமான் என்று சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அதற்கு ஒருவாறு சம்மதித்தார். அடுத்தது, நூலில் கட்டும் அந்தப் பித்தளை. அதன் பெயர் தூக்குக்குண்டு. அதை நூல் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். நூல் வேறு, குண்டு வேறு என்றார். நான் மூன்று மொழியிலும் பட்டியல் எழுதி மூடிக்குள் ஒட்டினேன். கொழும்பு போய்ச் சேரும்வரை பஸ்ஸில் அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே போனேன்.

மறுநாள் காலை விமான நிலையம். முதல் தடங்கல் லெவலால் வந்தது. விமானம் நேராகப் பறக்கிறதா என்று பார்க்க அதை மட்டும் மடியில் வைத்திருப்பேன் என்று அவர் அடம் பிடித்தார். பேசிப் பேசிப் பெட்டிக்குள் போடவைத்தேன். அடுத்து, தகரக் கொட்டகை ஒன்றில் இளம் சிப்பாய் ஒருவர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். பட்டியலை அவர் பார்க்கவேயில்லை. நீல உறை ஒன்றைக் கழற்றினார். கூர் முனையும் நூலுமாகப் பித்தளை பளபளத்தது. உடைந்த தமிழில், இது என்ன என்று கேட்டார்.

லெவல் மேசன் என்னைப் பார்த்தார். நான் கண்ணாலேயே நூல், நூல் என்றேன். அவர் முகத்தில் ஒரு பெரிய போராட்டம் நடந்தது.

“குண்டு” என்றார்.

எங்களுக்குப் பின்னால் நின்ற வரிசை இரண்டு அடி பின்னால் போனது. சிப்பாய் பித்தளையை மிக மிக மெதுவாக மேசையில் வைத்தார். அந்த நாட்களில் இதைவிடச் சின்னச் சொல்லுக்காகக் காணாமல் போனவர்கள் உண்டு.

பக்கத்து அறைக்கு எங்களைக் கொண்டுபோனார்கள். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். “ஒரு ஆள் மரியாதையாக் கேக்கக்குள்ள பொய் சொல்ல ஏலாது தம்பி. அதுக்குப் பேரு குண்டுதானே” என்றார். அவர் குரலும் நடுங்கியது என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

ஓர் அதிகாரி வந்தார். நாற்பது வயது, களைத்த முகம். பட்டியலை வாசித்தார். ஒவ்வொன்றாக எடுத்து என்ன வேலைக்கு என்று காட்டச் சொன்னார். லெவல் மேசனுக்குச் சிங்களத்தில் ஐம்பது சொல் தெரியும். ஐம்பதும் பொலன்னறுவையில் கட்டிட வேலையில் பொறுக்கியது. கரண்டியை எடுத்துக் காற்றிலே சுவர் பூசினார். மூலைமட்டத்தை மேசையின் மூலையில் வைத்து, திருப்தியில்லாமல் தலையை ஆட்டினார். கடைசியாகப் பித்தளைக் குண்டை நூலோடு தூக்கிப் போய் அறைக் கதவின் நிலையில் தொங்கவிட்டார். ஆட்டம் நின்றதும் எல்லோரும் பார்த்தோம். நிலை மேலே நூலைத் தொட்டது. கீழே மூன்று விரல் விலகி நின்றது.

அவருக்குத் தன் நிலைமை மறந்துபோயிற்று. இந்தக் கதவு தரையில் உரசுமே என்று அதிகாரியிடம் கேட்டார். உரசுகிறது, ஒவ்வொரு நாளும் உதைத்துத்தான் மூடுகிறேன் என்றார் அதிகாரி. அத்தோடு, சிங்களவர்கள் மேசன்மாரை மரியாதையாக அழைப்பதுபோல ‘பாஸ் உன்னெஹே’ என்று அவரைக் கூப்பிட்டார். எனக்கு மூச்சு வந்தது.

விமானம் அதற்குள் போய்விட்டது. அடுத்தது பின்னேரம்தான். இவர் அனுமதி கேட்டு, இரண்டு சிப்பாய்கள் துவக்கோடு காவல் நிற்க, நிலத்தில் புடைத்திருந்த சீமெந்தை உளியால் செதுக்கி எடுத்தார். கதவு சத்தமில்லாமல் மூடியது. சிப்பாய்களில் ஒருவர் அதைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆயுதங்களைத் திரும்ப அடுக்கும்போது அதிகாரியும் கைகொடுத்தார். எல்லா உறையும் ஒரே சேலையா என்று கேட்டார். ஓம், பெண்சாதியின் சேலை என்றார் இவர். பிறகு தன் ஐம்பது சொல்லுக்குள் தேடி, கடல் என்பதற்கான சொல்லைக் கண்டுபிடித்துச் சொன்னார். கையால் தென்னையின் உயரத்தைக் காட்டினார். மனைவி இருக்கிறார், வீடு இல்லை என்று சைகையில் முடித்தார்.

அதிகாரி கையிலிருந்த உறையின் மடிப்பை விரலால் நீவினார். தன் ஊரும் தெற்கே கடற்கரைதான் என்றார். பிறகு, “அம்மா” என்றார். அவ்வளவுதான். அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

பெட்டியை அவரே பூட்டி, அவரே கயிறு கட்டினார். மேலே பெரிய எழுத்தில், மேசன் வேலைச் சாமான், கவனமாகக் கையாளவும் என்று எழுதி ஒட்டினார். யாழ்ப்பாணத்தில் அதைத் திறந்து பார்த்தவர்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

விமானத்தில் லெவல் மேசன் யன்னலோரம் உட்கார்ந்து, தண்ணீர்ப் போத்தலை முழங்காலில் நிறுத்தி, தண்ணீர் எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார். வானில் வளைந்து திரும்பும்போது விமானம் சாய்ந்தது. “இவன் இடப்பக்கம் சரிக்கிறான் தம்பி. சொல்லுவமா?” என்று என் காதில் கேட்டார். ஓட்டுகிறவருக்குத் தெரியும் என்றேன். “சரிச்சுக் கட்டுற எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுற” என்றார்.

அங்கே ஒரு மாதத்தில் ஐந்து தாங்கிகள் கட்டினார். ஒன்றும் ஒழுகவில்லை. யாழ்ப்பாணத்து மேசன்மார் முதல் வாரம் அவரோடு முறைத்தார்கள், இரண்டாவது வாரம் சண்டை பிடித்தார்கள், அவர் வெளிக்கிடும் நாளில் ஆளுக்கொரு சாப்பாட்டுப் பொதியோடு வந்தார்கள்.

சண்டை முடிந்தது. எங்கள் அலுவலகத்தை மூடினார்கள். பாதை திறந்ததும் அவர் பெட்டியோடு பஸ் ஏறி வன்னிக்குப் போய்விட்டார். அங்கே கூரையில்லாத வீடுகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை இருப்பதாகவும் இப்போதைக்குத் திரும்பமாட்டார் என்றும் அக்கா சொன்னார்.

அவர் அப்படிப் போயிருந்த இரண்டு வருடத்துக்குள்தான் நான் அமிர்தகழியில் ஒரு வீடு கட்டினேன். யாரோ ஒரு மேசன், யாரோ ஒரு அவசரம். குடிபோன பிறகு பார்த்தால் சமைக்கிற குசினியின் சுவர் ஒன்றரை அங்குலம் வெளியே சரிந்து நிற்கிறது. அலுமாரியை அதோடு சேர்த்து வைத்தால் மேலே கை போகும். மனைவி தினமும் சொல்லிக் காட்டினாள். திருத்த ஆள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் ஒருநாள் காலை, லெவல் மேசன் முன்னறிவித்தல் எதுவும் இல்லாமல் வாசலில் வந்து நின்றார். வன்னி வெயிலில் இன்னும் கறுத்திருந்தார். புது வீட்டைப் பார்க்க வந்தேன் என்றார். அவர் மெதுவாக எல்லா அறைக்கும் போனார். குசினிக்கும் போனார். அந்தச் சுவருக்கு நேர் எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்து, மனைவி கொடுத்த தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் மகள் தரையில் உட்கார்ந்து படம் கீறிக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

“நல்ல வீடு தம்பி. காத்து நல்லா வருகுது” என்றார். அக்குளிலிருந்த லெவலை அவர் எடுக்கவேயில்லை.

அதற்குப் பிறகு அந்தச் சுவரைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.