ஊட்டுக்கு ஒரு நோயாளி

வட ஆற்காடு ஜில்லாவின் சித்திரை வெயிலில் வெந்நீரை விற்றுவிடக்கூடிய ஒரே ஆசாமி, ஆம்பூரில் எங்கள் தெருவிலிருந்த ஊறல் மேஸ்திரிதான். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழிகளுக்கு அவர் ராஜா. தோலை ஊறப் போடுவது, புரட்டுவது, எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பதம் பார்ப்பது; விரல் அமுங்கினால் பதம் வந்தாயிற்று. இவ்வளவுதான் உத்தியோகம். சங்கடம் என்னவென்றால், மனிதர்களையும் அவர் அப்படியேதான் பார்த்தார். நான் காலேஜில் சேர்ந்த அன்று என் தோளை அழுத்திவிட்டு, "இன்னும் பச்சையா கீறே தோஸ்த். ரொம்ப நாள் ஊறணும்" என்றார்.

ஒரு கோடையில், லீவிலிருந்த என்னையும் கூட்டிக்கொண்டு ஒடுகத்தூர்ப் பக்கம் மாமியார் ஊருக்குப் போனவர், மலையடிவாரத்து ஊற்றில் காலை விட்டார். தண்ணீர் சுட்டது. அவ்வளவுதான், ஷாப்பு வேலையை விட்டுவிட்டார்.

"வெந்நீர் ஊத்து தோஸ்த். மூட்டு வலிக்காரன் பூரா இங்கதான் வருவான்."

"வந்து எங்க தங்குவான்?"

"ஓட்டல் கீட்டல் வாணாம். ஊட்டுக்கு ஒரு நோயாளி. படுக்கையும் ரசமும் அவங்க பொறுப்பு. வருமானம் ஊருக்கு."

ஊர்க் கூட்டத்தில் அவர் மச்சானின் மனைவி முனியம்மா எழுந்தாள். "எங்க ஊட்ல ஏற்கெனவே மாமியா இருக்குதுண்ணா. இன்னொரு நோயாளி வேறயா?"

"அது எனக்கும் மாமியாதாம்மா. அந்த வியாதிக்கு ஊத்து பத்தாது."

சிரித்தே கவிழ்ந்தது ஊர். வேர்க்கடலை பிடுங்குவதைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வீடு சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். ஊற்றைச் சுற்றியிருந்த மொட்டைப் பாறை வெயிலில் வெந்து தண்ணீரைச் சுட வைத்திருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பௌதிகம் படித்த எனக்கும்தான்.

முதல் நோயாளி மார்கழியில், நான் லீவில் அங்கே போயிருந்தபோது, வந்து இறங்கினார். வேலூரில் ரிட்டயரான ஹெட் குமாஸ்தா, இரண்டு முழங்காலும் பேஜார். அவர் தலையாட்டினால் அவருடைய பென்ஷன் கோஷ்டியே வரும். ஆட்டாவிட்டால் மேஸ்திரி மாமியார் ஊரில் தலைகாட்ட முடியாது. ஷாப்பிலோ அவர் குழிக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

குமாஸ்தா துண்டோடு ஊற்றில் உட்கார்ந்தார். பற்கள் தந்தி அடித்தன.

"யோவ், இதுக்குப் பேரு வெந்நீரா?"

"மொத ஊறல் அப்டித்தாங்க இருக்கும். கால குடுங்க." கெண்டைக்காலை அழுத்தினார். "பதம் வரல. கொஞ்சம் புரண்டு உக்காருங்க."

வாய்தான் பேசியது. முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

பாறைக்குப் பின்னாலிருந்து பார்த்த முனியம்மா ஊருக்குள் போனாள். சற்றைக்கெல்லாம் எல்லாக் கூரையிலும் புகை. பிறகு இடுப்பில் குடம் குடமாக வெந்நீரோடு பெண்கள் பாறைக்குப் பின்னால் வரிசை கட்டினார்கள். முனியம்மா என் கையிலும் ஒரு குடத்தைத் திணித்தாள்.

"இன்னா காலேஜி, நின்னுக்குனே கீறே. ஊத்து."

அந்த ஊரில் 'ஊத்து' என்றால் என்ன அர்த்தம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பாறைக்கு அந்தப் பக்கம் மேஸ்திரியின் குரல் எழும்பிற்று. "பாத்தீங்களா சார்? ஊத்து ஆள் பாத்துதான் சூடாவும்."

"ஆமாய்யா," குமாஸ்தா கண்ணை மூடிக்கொண்டார். "கொஞ்சம் அடுப்புப் பொகை வாசனைகூட வருது."

"அது மலை வாசனைங்க."

புறப்படும்போது குமாஸ்தா சொன்னார்: "ஊத்து சுமார்தான்யா. ஆனா இந்த முனியம்மா ஊட்டு ரசத்துக்கு என் தோஸ்துங்கள அனுப்பறேன்." அனுப்பவும் செய்தார். அவர்களும் நன்றாகவே ஊறிவிட்டுப் போனார்கள்.

போன குளிர்காலத்தில் மேஸ்திரியே ஜுரத்தில் விழுந்தார். அவர் யார் வீட்டு நோயாளி என்று ஊரில் பெரிய தகராறு. முனியம்மா ஜெயித்தாள், மற்ற வீடுகள் வெந்நீர் அனுப்பித் திருப்திப்பட்டுக்கொண்டன. நான் பார்க்கப் போனபோது போர்வைக்குள்ளிருந்து காலை நீட்டினார்.

"பதம் பாரு தோஸ்த்."

கட்டைவிரலால் அழுத்தினேன். சதை தளர்ந்திருந்தது, விரல் உள்ளே அமுங்கிற்று.

"இன்னும் வரல மேஸ்திரி," என்றேன். "ரொம்ப நாள் ஊறணும்."